சிறு சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறை இரைச்சல்

ஓட்டுநர் அறை இரைச்சல் என்பது வாகனம் ஓடும்போது இன்ஜின், சக்கரங்கள், ஸ்பிரிங், காற்று, தளர்ந்த பாகங்கள் ஆகியவற்றிலிருந்து எழுந்து ஓட்டுநர் அமர்ந்திருக்கும் அறைக்குள் கேட்கும் ஒலியாகும். பேச்சு வழக்கில் இது கேபின் சத்தம் எனப்படுகிறது. புதிய வாகனத்திலும் ஓரளவு இரைச்சல் உண்டு. வாகனம் பழையதாகும்போது ரப்பர் பாகங்கள் இறுகி வெடிப்பதாலும், போல்ட்டுகள் தளர்வதாலும், தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவதாலும் அது கூடிக்கொண்டே போகிறது. எனவே பழைய சரக்கு வாகனத்தில் இரைச்சலைக் குறைப்பதும் பராமரிப்பதும் பெரும்பாலும் ஒரே வேலையாக அமைகின்றன. பழுதை நீக்காமல் உட்புறத்தில் நுரையும் விரிப்பும் ஒட்டினால் இரைச்சல் சிறிதளவே குறையும்; பழுதை முன்கூட்டியே காட்டும் ஒலியும் மறைந்துவிடும்.

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தின் பாபநாசம், குடமுருட்டி ஆற்றங்கரையில் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே அமைந்த ஊராகும். தஞ்சாவூர் ஏறத்தாழ 25 கி.மீ., கும்பகோணம் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளன. இங்குள்ள திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நெல், வாழை, வெற்றிலை, வைக்கோல், உர மூட்டை ஆகியவற்றை வயலிலிருந்தும் கடையிலிருந்தும் ஏற்றி இறக்குவதில் இப்பகுதியில் சிறு சரக்கு வாகனங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. பெரிய லாரி நுழைய முடியாத ஆற்றங்கரைச் சாலைகளிலும் வயலோர வண்டிப்பாதைகளிலும் இவை செல்லக்கூடியவை.

இவ்வகை வாகனங்களில் பரவலாக அறியப்பட்டது டாட்டா ஏஸ் ஆகும். 2005 மே மாதம் அறிமுகமான இது தமிழ்நாட்டில் குட்டியானை என்றே அழைக்கப்படுகிறது. முதல் வகையில் 702 கன செ.மீ. கொள்ளளவுள்ள, இரண்டு சிலிண்டர் கொண்ட, 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் பொருத்தப்பட்டிருந்தது. ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் 40 கிலோ மூட்டைகளாகப் பிடிக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் 18 மூட்டைகள் 720 கிலோ ஆகும்; 19 மூட்டைகள் ஏற்றினால் வரம்பு கடந்துவிடும்.

குட்டியானையின் இன்ஜின் இருக்கைகளுக்கு அடியில் உள்ளது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகளே உள்ளன. வாகனத்தின் நீளத்தைக் குறைத்துச் சரக்குத் தொட்டிக்கு இடம் தரும் இவ்வமைப்பில், இன்ஜினின் ஒலியும் வெப்பமும் அதிர்வும் ஓட்டுநருக்கு மிக அருகிலேயே எழுகின்றன. இன்ஜின் முன்பக்க பானெட்டுக்குள் இருக்கும் டாட்டா 207, மகிந்திரா பொலேரோ பிக்அப் போன்றவற்றில் இன்ஜினுக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் நடுவில் தடுப்புத் தகடு ஒன்று உண்டு. குட்டியானையில் அந்த வேலையை இருக்கைக்கு அடியிலுள்ள மூடியும் அதன் விளிம்பு ரப்பருமே செய்கின்றன.

ஒலி அறைக்குள் வரும் வழிகள்

ஒலி இரு வழிகளில் அறையை அடைகிறது. முதலாவது காற்று வழி. இன்ஜினின் தட்டொலி, சைலன்சர் ஒலி, எதிர்க்காற்று ஆகியவை இடுக்குகள், ஓட்டைகள், மெல்லிய தகடுகள் ஊடாக நுழைகின்றன. இரண்டாவது உலோக வழி. இன்ஜினின் அதிர்வு மவுண்டிங் வழியாகச் சேஸிக்கும், அங்கிருந்து தரைத்தகடு, கூரை, கதவு ஆகியவற்றுக்கும் சென்று, அந்தத் தகடுகளையே ஒலிபெருக்கி போல அதிரச் செய்கிறது. முதல் வழியை அடைப்பதாலும் மறிப்பதாலும் குறைக்கலாம். இரண்டாம் வழிக்கு ரப்பர் மவுண்டிங், புஷ் ஆகியவை நல்ல நிலையில் இருப்பதே மருந்தாகும்.

நான்கு வீச்சு இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஆகவே இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சராசரியாக ஒரு சுற்றுக்கு ஒரு எரிப்பு நிகழும். நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடும்போது நொடிக்கு 40 துடிப்புகள் உண்டாகின்றன. இத்தகைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். ஓர் அங்குல நுரைப்படுகை இதை உறிஞ்சாது. நொடிக்கு 2000 துடிப்புள்ள கூரிய ஒலியின் அலைநீளமோ 17 செ.மீ. மட்டுமே, அதற்கு நுரை பயன்படும். அறை முழுவதும் நுரை ஒட்டிய பின்னும் அடிவயிற்றில் முட்டுவது போன்ற உறுமல் அப்படியே இருப்பதற்கு இதுவே காரணம்.

டெசிபெல் கணக்கும் அறியத்தக்கது. ஒரே அளவு ஒலி எழுப்பும் நான்கு மூலங்களில் ஒன்றை முழுவதும் நிறுத்தினாலும் மொத்த ஒலி 1.25 டெசிபெல் மட்டுமே குறையும். காதுக்கு வேறுபாடு தெரிவது அரிது. இரண்டை நிறுத்தினால் 3 டெசிபெலும், மூன்றை நிறுத்தினால் 6 டெசிபெலும் குறையும். ஏறத்தாழ 10 டெசிபெல் குறைந்தால்தான் சத்தம் பாதியானதாகக் காது உணரும். எனவே முதல் வேலை முடிந்ததும் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாமல், பல சிறு குறைகளையும் வரிசையாகச் சரிசெய்ய வேண்டும்.

ஓட்டுநருக்கு ஏற்படும் பாதிப்பு

தொடர் இரைச்சல் உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்களைச் சிதைக்கிறது. இவை மீண்டும் வளர்வதில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது: 88 டெசிபெலில் 4 மணி நேரம், 91 டெசிபெலில் 2 மணி நேரம். இந்தியத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் ஆகும். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு இவ்வாறு அளந்து பார்ப்பவர் எவரும் இல்லை.

இரைச்சலால் வரும் செவிக் குறைபாடு பெரும்பாலும் நொடிக்கு 4000 துடிப்பை ஒட்டிய கூரிய ஒலிகளில் தொடங்குகிறது. தொடக்கத்தில் பேச்சு கேட்கும், ஆனால் சொற்கள் தெளிவாக விளங்கா. குழந்தைகளின் குரல், கூட்டத்தில் பேசும் பேச்சு, தொலைபேசி உரையாடல் ஆகியவை முதலில் மங்கும். இரவில் காதில் ரீங்காரம் கேட்பதும், வண்டியை நிறுத்திய பின் சில மணி நேரம் காது அடைத்தது போலிருப்பதும் எச்சரிக்கை அறிகுறிகள். இவை தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டல் சோதனை செய்துகொள்வது நல்லது. இரைச்சல் களைப்பையும் கூட்டும். பின்னால் வரும் பேருந்தின் ஹாரனையும் மறைக்கும்.

ஒலியைக் கொண்டு பழுதை அறிதல்

வேலையைத் தொடங்குமுன் ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். நின்ற நிலையில் இன்ஜினை மெதுவாகவும் வேகமாகவும் ஓடவிட்டுக் கேட்டால் இன்ஜின், சைலன்சர், மவுண்டிங் ஒலிகள் மட்டும் கேட்கும். ஆளில்லாத சமதளச் சாலையில் ஓடும்போது, இன்ஜினை அணைக்காமல், சிறிது நேரம் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் இன்ஜின் ஒலி தணிந்து சக்கரம், பேரிங், டயர் ஒலிகள் தனித்துக் கேட்கும். வெற்று வண்டியிலும் சுமையுடனும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்ப்பதும் உதவும். வழக்கமாகக் கேட்கும் ஒலிகளும் அவற்றின் காரணங்களும் பின்வருமாறு:

• வேகத்தோடு கூடும் ஊளை: சக்கர பேரிங் அல்லது டிஃபரன்ஷியல். இடப்புறம் வளைக்கும்போது ஊளை கூடினால், எடை சாயும் வலச் சக்கரத்தின் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும்.
• கிளட்சை விட்டதும் அடியில் ஒரு தட்டு: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம்.
• பள்ளத்தில் இறங்கும்போது இரும்போடு இரும்பு மோதும் ஒலி: ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள், ஷாக் அப்சார்பர் புஷ் அல்லது தளர்ந்த யு போல்ட்.
• இன்ஜின் வேகத்துக்கேற்பக் கூடும் டிக் டிக்: வால்வு இடைவெளி அல்லது எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிவு. கசிவாயின் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும்.
• காலையில் கிளப்பியதும் எழும் கீச்சொலி: ஃபேன் பெல்ட் தளர்வு அல்லது தேய்வு.
• பிரேக் மிதிக்கும்போது உரசல்: லைனிங் அல்லது பேடு தேய்ந்த அறிகுறி. இதனைத் தள்ளிப்போடக் கூடாது.
• ஐடிலிங்கில் கியர் கம்பியும் பக்கக் கண்ணாடியும் நடுங்குதல்: இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம்.

பராமரிப்பு

இன்ஜின் மவுண்டிங். ரப்பரில் வெடிப்பு, எண்ணெய் ஊறிய மென்மை, இரும்போடு இரும்பு தொட்ட தழும்பு ஆகியவை மாற்ற வேண்டிய அடையாளங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய ரப்பர்கள் தாழ்ந்தும் புதியது உயர்ந்தும் நிற்கும். ஆகவே அனைத்தையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டையோ மிகக் கெட்டியான ரப்பரையோ வைத்தால் அது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதிர்வை அப்படியே சேஸிக்குக் கடத்தும். கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் உடன் பார்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட். கேஸ்கெட், குழாய் இணைப்புகள், சைலன்சரின் துருப்பிடித்த அடிப்பகுதி, குழாயைத் தாங்கும் தொங்கு ரப்பர் ஆகியவை பார்க்கப்பட வேண்டும். தொங்கு ரப்பர் அறுந்த இடத்தில் கம்பி கட்டினால் குழாயின் அதிர்வு முழுவதும் உடலுக்கு ஏறும். இருக்கைக்கு அடியில் இன்ஜின் உள்ள வாகனத்தில் எக்ஸாஸ்ட் கசிவு இரைச்சலோடு நிற்பதில்லை. புகையும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரக்கூடும். எனவே இது முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று.

ஸ்பிரிங்கும் சக்கரங்களும். பட்டைகளுக்கு இடையே காய்ந்த வயல் சேறு பட்டைகளை உரசித் தேய்க்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உலர்த்தி, கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதியது ஏற்ற வேண்டும். யு போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்தில் வைக்க வேண்டும். டயர் காற்றழுத்தம் தயாரிப்பாளர் குறித்தபடி இருக்க வேண்டும். அதிகக் காற்று, வெற்று வண்டியில் குலுக்கலையும் ஓசையையும் கூட்டும். டயர் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதுவே பேரிங் ஊளை போல் ஒலிக்கும். டயர்களை இடம் மாற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்.

கதவுகளும் கண்ணாடியும். கதவு கீலின் ஊசி தேய்ந்தால் கதவு தொங்கி ரப்பரில் சரியாகப் பதியாது. ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வந்தால் அந்த இடத்தில் இடைவெளி உள்ளது. முதலில் கீலையும் பூட்டுப் பிடியையும் சரிசெய்து, பிறகே புதிய ரப்பர் போட வேண்டும். ஏறி இறங்கும் கண்ணாடி கடகடத்தால் அதன் இரு பக்கக் காடியிலுள்ள ஃபெல்ட்டை மாற்றினால் போதும்.

சரக்குத் தொட்டி. வெற்று வண்டி திரும்பி வரும்போது எழும் சத்தத்தில் பெரும்பங்கு பின்கதவு, பக்கப் பலகை, கொக்கி, சங்கிலி ஆகியவற்றிலிருந்து வருகிறது. பலகை மோதும் இடத்தில் ரப்பர் துண்டும், சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூப் உறையும் போதுமானவை. தொட்டியைச் சேஸியோடு இணைக்கும் போல்ட்டுகள், இடையிலுள்ள கட்டை அல்லது ரப்பர் பேக்கிங் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இரைச்சல் தடுப்பு முறைகள்

பழுதுகள் நீங்கிய பிறகே உட்புற வேலை தொடங்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசை உண்டு: அடைத்தல், அதிர்வு தணித்தல், மறித்தல், உறிஞ்சுதல்.

அடைத்தல். செலவு குறைவு, பலன் அதிகம். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எவ்வளவு கனமான தடுப்பாயினும் 20 டெசிபெலுக்கு மேல் ஒலியைத் தடுக்காது. ஒரு சதுர மீட்டர் தரையில் அது உள்ளங்கையளவு ஓட்டைதான். இரவில் வண்டிக்கு அடியில் விளக்கை வைத்து உள்ளே இருந்து பார்த்தால் ஒளி கசியும் இடங்கள் தெரியும். கிளட்ச், பிரேக் மிதிகள் நுழையும் துளை, கியர் கம்பியின் ரப்பர் உறை, வயர்கள் செல்லும் துளைகள், இருக்கை மூடியின் விளிம்பு ஆகியவை வழக்கமான இடங்கள். துருவால் விழுந்த ஓட்டையை டிங்கரிங் கடையில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் குழாய்களையும் வயர்களையும் விலக்கிவிட வேண்டும்.

அதிர்வு தணித்தல். தகட்டை விரலால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் அது அதிரும் தகடு. அதன் நடுப்பகுதியில் அலுமினியத் தாள் பொதிந்த பியூட்டைல் ரப்பர் விரிப்பை ஒட்டி உருளையால் அழுத்தினால் ஒலி மந்தமாகும். பரப்பு முழுவதையும் மூட வேண்டியதில்லை. துரு, எண்ணெய், தூசி நீக்கி, துரு தடுப்புப் பெயின்ட் அடித்து உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மலிவான தார் விரிப்புகள் கோடை வெயிலில் இளகி வாடை எழுப்பலாம். கூரையிலும் இன்ஜின் மூடியிலும் அவை பொருந்தா.

மறித்தல். கனமான ரப்பர் விரிப்பு ஒலியை மறிக்கிறது. தடுப்பின் எடை இரட்டிப்பானால் கொள்கையளவில் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாக மறிக்கும். விரிப்புக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய ஃபெல்ட் இருந்தால் பலன் கூடும்.

உறிஞ்சுதல். கூரையிலும் இருக்கைக்குப் பின்சுவரிலும் நுரை அல்லது ஃபெல்ட் வைத்தால் உள்ளே எதிரொலிக்கும் கூரிய ஒலிகள் குறையும். இது இறுதி வேலையாகும். இதனை மட்டும் தனியே செய்வதால் பெரிய மாற்றம் கிடைப்பதில்லை.

குளிர்சாதனம் இல்லாத பழைய வண்டிகள் பெரும்பாலும் கண்ணாடியை இறக்கியே ஓட்டப்படுகின்றன. அப்போது கதவுக்குள் ஒட்டிய விரிப்பால் பயன் மிகக் குறைவு. செலவிடக்கூடிய தொகை குறைவாக இருந்தால் அதனை இருக்கைக்கு அடியிலுள்ள மூடி, அதன் விளிம்பு ரப்பர், தரை ஆகியவற்றுக்கே செலவிடுவது பொருத்தமாகும். கண்ணாடி திறந்திருந்தாலும் அந்த வழியே வரும் இரைச்சல் குறையும். இருக்கைச் சூடும் தணியும்.

டெல்டாவுக்குரிய கவனங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. சேற்றுக் காலோடு ஏறி இறங்கும் வண்டியில் நீரை உறிஞ்சும் நுரையைத் தரையில் ஒட்டினால் அது மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்து அடித்தகட்டை அரிக்கும். தரைக்கு நீர் உறிஞ்சாத மூடிய துளை நுரையும், எடுத்து உலர்த்தக்கூடிய விரிப்பும் ஏற்றவை. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

வைக்கோல் ஏற்றும் காலத்தில் தூசும் தும்பும் ரேடியேட்டரை அடைக்கும். இன்ஜின் சூடேறி ஃபேன் ஒலியும் கூடும். சைலன்சர் மேல் வைக்கோல் சிக்கினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதே காரணத்தால் சாக்கு, பஞ்சு, தெர்மோகோல், மெத்தை நுரை ஆகியவற்றை இன்ஜின் மூடிக்கு அடியில் வைக்கக் கூடாது. அங்கு அலுமினியத் தாள் போர்த்திய, வெப்பம் தாங்கும் பொருளையே பயன்படுத்த வேண்டும். வாகன உட்புறப் பொருட்களின் தீப்பற்றும் தன்மைக்கு இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்ற தரநிலை உள்ளது. பொருள் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.

சாகுபடிக் காலத்தை ஒட்டி வேலைகளைப் பிரித்துக்கொள்ளலாம். வாடகை குறைவான மார்ச் முதல் மே வரை இருக்கைகளைக் கழற்றித் துரு நீக்கல், பற்றவைப்பு, விரிப்பு ஒட்டல் ஆகியவற்றைச் செய்யலாம். வெயிலில் பெயின்ட்டும் விரைவில் உலரும். குறுவை அறுவடைக்கு முன் மவுண்டிங், பிரேக், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை உச்சத்தை அடையும். அதற்கு முன் ஸ்பிரிங், புஷ், பேரிங் வேலைகளை முடித்துவிட்டால் சுமை மிகுந்த நாட்களில் வண்டி பட்டறையில் நிற்காது.

சட்டமும் வரம்புகளும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சைலன்சரைக் கட்டாயமாக்குகின்றன. பல்தொனி ஹாரன்களைத் தடை செய்கின்றன. சரக்கு வாகனங்களுக்குத் தகுதிச் சான்று எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். மேற்கூறிய பராமரிப்புகளில் பிரேக், விளக்கு, எக்ஸாஸ்ட், துருப்பிடித்த தகடு ஆகியவை அச்சோதனையிலும் பார்க்கப்படுபவை. ஆகவே இரைச்சலுக்காகச் செய்யும் செலவின் ஒரு பகுதி எப்படியும் செய்ய வேண்டிய செலவே ஆகும்.

எவ்வளவு செய்தாலும் இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி காரைப் போல் அமைதியாகாது. ஒட்டும் விரிப்பின் எடையும் ஏற்றக்கூடிய சுமையிலிருந்தே கழியும். 20 கிலோ விரிப்பு என்பது அரை மூட்டை நெல். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால், ஹாரன் ஒலி தெளிவாகக் கேட்டால், புதிதாக எழும் ஒரு தட்டொலி உடனே காதில் பட்டால், வேலை போதுமான அளவு நடந்திருக்கிறது எனக் கொள்ளலாம்.